டெமோல அவ்ளோ தெளிவா விளக்குனேன், அப்புறம் ஏன் வேண்டாம்னு சொன்னாங்க?

கேள்வி:

வணக்கம் மேடம். நான் 11 வருஷமா கணக்கு டீச்சரா இருக்கேன், எட்டாம் வகுப்புல இருந்து பத்தாம் வகுப்பு வரைக்கும் எடுக்குறேன். பிள்ளைங்களோட எனக்கு எந்த பிரச்னையும் இல்ல, ஆனா இதுக்கு மேல இங்க வளர இடம் இல்லன்னு தோணுது, சம்பளமும் நின்ன இடத்துலயே நிக்குது. கிளையண்ட்டோட பேசிப் பழகுற மாதிரி வேலைக்கு, அதாவது கஸ்டமர் சக்சஸ், ப்ரீசேல்ஸ், அக்கவுண்ட் மேனேஜர்னு நிறைய அப்ளை பண்ணேன். பாதிக்கு மேல பதிலே வரல. ஒரு கம்பெனில மட்டும் கடைசி ரவுண்டு வரைக்கும் போனேன். அவங்க சாஃப்ட்வேரை ஒரு கிளையண்ட்டுக்கு காட்டுற மாதிரி 20 நிமிஷம் டெமோ கொடுக்கச் சொன்னாங்க. ராத்திரி பகலா தயார் பண்ணிட்டுப் போய் எல்லா ஃபீச்சரையும் ஒண்ணு விடாம விளக்குனேன். "ரொம்ப தெளிவா சொன்னீங்க, ஆனா க்ளாஸ் எடுத்த மாதிரி இருந்துச்சு"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. விளக்குறதுதானே என் பலம்? அதையே குறைன்னு சொன்னா நான் எதை வச்சுக்கிட்டு இந்தப் பக்கம் வர்றது? சேல்ஸ்னா கொஞ்சம் பொய் பேசணும்னு வேற சொல்றாங்க, அது எனக்கு சுத்தமா வராது. எம்பிஏ படிக்கணுமா? 37 வயசாகுது, சின்னப் பசங்களுக்குக் கீழ வேலை பாக்கணுமேன்னு வீட்ல யோசிக்கிறாங்க. 11 வருஷம் வீணாப் போச்சோன்னு ராத்திரில தூக்கம் வர்றதில்ல.

பெயர் வேண்டாம்

பதில்:

வணக்கம் டீச்சர். முதல்ல அந்த டெமோவையே எடுத்துக்கலாம், ஏன்னா நீங்க கேட்ட மத்த எல்லாத்துக்கும் பதில் அதுக்குள்ளதான் இருக்கு. நான் கிளையண்ட் டீமுக்கு ஆள் எடுக்குற இடத்துல ரொம்ப நாளா இருக்கேன், டீச்சிங்ல இருந்து வந்தவங்களையும் எடுத்திருக்கேன், அவங்கள்ல நல்லா வந்தவங்க எல்லாரும் என் டீம்லயே முதல் வரிசையில நிக்குறவங்க. அதனால இது ஆறுதலுக்கு சொல்றது இல்ல, நிஜமாவே சொல்றேன், உங்களை இன்டர்வியூ பண்ண அந்த பேனல் உங்களுக்கு சொன்ன ஒரு வரி ரொம்ப உருப்படியான வரி. பெரும்பாலான இடத்துல "நாங்க திரும்பக் கூப்பிடுறோம்"னு மட்டும் சொல்லி அனுப்பிடுவாங்க.

அந்த 20 நிமிஷத்துல நீங்க அவங்ககிட்ட எத்தனை கேள்வி கேட்டீங்கன்னு யோசிச்சுப் பாருங்க. உங்க லெட்டர்ல அதைப் பத்தி ஒண்ணுமே இல்ல, "எல்லா ஃபீச்சரையும் ஒண்ணு விடாம"ன்னுதான் இருக்கு. க்ளாஸ்ல அது சரி, ஏன்னா அங்க என்ன சொல்லணும்னு சிலபஸ் முடிவு பண்ணிடுது, ஒரு பாடத்தை விட்டுட்டா பரீட்சையில அந்தக் கேள்வி வந்து பிள்ளைங்க மாட்டிக்கும்ங்கிற பயம் நியாயமான பயம். ஆனா கிளையண்ட்டுக்கு சிலபஸ் கிடையாது. அவருக்கு ஒரு தலைவலி இருக்கு, அது தீருமான்னு பாக்கத்தான் அந்த மீட்டிங்குக்கு வந்து உக்காந்திருக்காரு, உங்க சாஃப்ட்வேர்ல இருக்குற நாப்பது விஷயத்துல அவருக்கு வேண்டியது மூணுதான், மிச்ச முப்பத்தேழும் எவ்வளவு அழகா சொன்னாலும் அவரோட நேரத்தை எடுத்துக்குறதுதான். அந்த மூணு எதுன்னு கண்டுபிடிக்காம ஆரம்பிச்சதுதான் அங்க நடந்த விஷயம்.

விளக்குறது உங்க பலம்தான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா அதைவிடப் பெரிய பலம் ஒண்ணு உங்ககிட்ட இருக்கு, அதை நீங்க பலம்னே எண்ணல. நாப்பது பிள்ளைங்க உக்காந்திருக்குற ரூம்ல யாருக்குப் புரியல, யாரு புரிஞ்ச மாதிரி தலையாட்டுறாங்க, யாரு மூணு மாசத்துக்கு முன்னாடி நடத்துன பின்னத்துலயே விட்டுட்டு இன்னைக்கு அல்ஜீப்ராவுல திணறுறாங்கன்னு நீங்க முகத்தைப் பாத்தே சொல்லிடுவீங்க. ஒரு பிள்ளை தப்பா போட்ட கணக்கை வச்சே அது எந்த இடத்துல தப்பா யோசிச்சுதுன்னு கண்டுபிடிப்பீங்க. எங்க வேலைல இதுக்குப் பேர் டிஸ்கவரி. டெமோவுக்கு முன்னாடி கிளையண்ட்டோட உக்காந்து, அவங்க இப்போ எப்படி வேலை பாக்குறாங்க, எங்க சிக்குது, சிக்குறதால என்ன நஷ்டம்னு கேட்டுத் தெரிஞ்சுக்குறது. இதை நல்லா பண்றவங்க கிடைக்குறதே கஷ்டம், வருஷக்கணக்கா சேல்ஸ்ல இருக்குறவங்களுக்கே இது சரியா வராது.

நீல் ராக்கம்னு ஒரு ஆராய்ச்சியாளர், அவரும் அவரோட டீமும் 12 வருஷம் 35,000 சேல்ஸ் மீட்டிங்கை கூட இருந்து கவனிச்சு, 1988ல அதைப் புத்தகமா வெளியிட்டாரு. பெரிய தொகை போட்டு வாங்குற விஷயங்கள்ல ஜெயிக்கிற ஆளுங்க நிறைய பேசுறவங்களா இல்ல, கிளையண்ட்டை நிறைய பேச வைக்குறவங்களா இருந்தாங்க. அதுலயும் "இந்தப் பிரச்னை இருக்கா"ன்னு மட்டும் கேட்டு விட்டுடாம "இது இப்படியே இருந்தா அடுத்து என்ன ஆகும், வேற எந்த டிபார்ட்மென்ட்டை பாதிக்கும்"னு அதோட விளைவு வரைக்கும் கேட்டவங்கதான் நல்லா பண்ணாங்க. இப்போ உங்க பக்கத்துக்கு வாங்க. மேரி பட் ரோன்னு ஒரு அம்மா அமெரிக்காவுல வகுப்பறைகளைப் பதிவு பண்ணி ஆராய்ச்சி பண்ணாங்க, 1970கள்ல வந்தது. டீச்சர் ஒரு கேள்வி கேட்டுட்டு சராசரியா ஒரு செகண்டுதான் காத்திருக்காங்க, உடனே வேற பிள்ளைகிட்ட போயிடுறாங்க இல்ல தானே பதிலைச் சொல்லிடுறாங்க. அதையே மூணு செகண்ட் ஆக்குனதும் பதில்கள் நீளமாச்சு, "தெரியாது"ன்னு சொல்றது குறைஞ்சுது, பிள்ளைங்களே திரும்பக் கேள்வி கேக்க ஆரம்பிச்சாங்க.

இந்த ரெண்டு ஆராய்ச்சியும் வேற வேற உலகத்துல நடந்தது, ஆனா ஒரே பழக்கத்தைப் பத்தினது. கேட்டுட்டு காத்திருக்கணும். கிளையண்ட் மீட்டிங்ல மூணு செகண்ட் அமைதி ரொம்ப நீளமா தெரியும், புதுசா வந்தவங்க அதைத் தாங்க முடியாம உள்ள புகுந்து ஃபீச்சர் சொல்ல ஆரம்பிச்சிடுவாங்க, விலையைச் சொல்லிட்டு அவங்களே பதறி டிஸ்கவுன்ட்டும் சொல்லிடுவாங்க, அந்தப் பக்கம் யாரும் கேக்கவே இல்ல. நீங்க கரும்பலகைக்கு முன்னாடி நின்னு ஒரு பிள்ளை யோசிச்சு பதில் சொல்ற வரைக்கும் பொறுமையா நின்ன ஆளு. அந்தப் பொறுமை உங்களுக்கு இருக்கு, டெமோ பதட்டத்துல அதை வீட்ல விட்டுட்டுப் போயிட்டீங்க, அவ்வளவுதான்.

அடுத்த தடவை இப்படி ஒரு டெமோ கொடுக்கச் சொன்னா என்ன பண்றதுன்னு தெளிவாவே சொல்லிடுறேன். டெமோவுக்கு முன்னாடியே அவங்களுக்கு மெயில் போட்டு "கிளையண்ட் யாரு, எத்தனை பேர் இதை உபயோகிப்பாங்க, இப்போ என்ன வச்சு சமாளிக்குறாங்க, எதுக்காக மாறணும்னு பாக்குறாங்க"ன்னு கேளுங்க. சொன்னா நல்லது, சொல்லலன்னா டெமோவோட முதல் அஞ்சு நிமிஷத்தை இதுக்கே ஒதுக்குங்க, பேனல்ல இருக்குறவங்களையே கிளையண்ட்டா நினைச்சுக் கேளுங்க, அவங்க அதைத்தான் எதிர்பாக்குறாங்க. அவங்க சொன்னதை உங்க வார்த்தைல ஒரு தடவை திருப்பிச் சொல்லி சரிதானான்னு உறுதி பண்ணிக்கோங்க. அப்புறம் அந்தப் பிரச்னைக்கு சம்பந்தப்பட்ட ரெண்டு மூணு விஷயத்தை மட்டும் காட்டுங்க, ஒவ்வொண்ணும் காட்டி முடிச்சதும் "புரிஞ்சுதா"ன்னு கேக்காதீங்க, அந்தக் கேள்விக்கு பெரியவங்க எல்லாரும் ஆமான்னுதான் சொல்லுவாங்க, பிள்ளைங்களும் அப்படித்தானே. "உங்க டீம்ல இதை யாரு தினமும் உபயோகிப்பாங்க, அவங்களுக்கு இது எங்க இடிக்கும்னு நினைக்குறீங்க"ன்னு கேளுங்க. காட்டாம விட்ட ஃபீச்சரை நினைச்சு வருத்தமே வேண்டாம், வேணும்னா அவங்களே கேப்பாங்க.

இன்னொரு விஷயம் டீச்சர், இதை டீச்சிங்ல இருந்து வர்ற யார்கிட்டயும் யாரும் சொல்றதில்ல. பெத்தவங்களோட நீங்க பேசுன பேச்சு எல்லாமே கிளையண்ட் பேச்சுதான். கொஞ்சம் யோசிங்க. பிசினஸ்ல ஒரு பொருளை வாங்க முடிவு பண்றவர் ஒருத்தர், காசு கொடுக்க கையெழுத்து போடுறவர் இன்னொருத்தர், தினமும் அதோட மல்லுக்கட்டுறவர் மூணாவது ஆளு, மூணு பேரும் சந்தோஷமா இருந்தாதான் அந்த அக்கவுண்ட், அதாவது அந்த கிளையண்ட், நிக்கும். மேனேஜர் ஆசைப்பட்டு வாங்கிட்டாரு, கீழ இருக்குறவங்க யாரும் லாகின் பண்ணவே மாட்டேங்குறாங்கன்னா அடுத்த வருஷம் அது கட் ஆகப் போகுதுன்னு அர்த்தம். புதுசா வர்றவங்களுக்கு இதைப் புரிய வைக்கவே மாசக்கணக்குல ஆகும். நீங்க 11 வருஷமா இதுக்குள்ளதான் இருக்கீங்க. ஃபீஸ் கட்டுறது அப்பா, முடிவு எடுக்குறது அம்மா, உக்காந்து படிக்கிறது பிள்ளை, மேல பிரின்சிபால், இவங்க எல்லாரோட எதிர்பார்ப்பும் வேற வேற, அது எல்லாத்துக்கும் நடுவுல நின்னு பிள்ளைக்கு எது நல்லதோ அதை நகர்த்திக் கொண்டு போனது நீங்க. கோவமா வந்த ஒரு அப்பாவை உக்கார வச்சு, முழுசா பேச விட்டு, பரீட்சைப் பேப்பரை எடுத்து முன்னாடி வச்சு, அடுத்த ஒரு மாசம் யார் என்ன பண்றதுன்னு பேசி அனுப்பியிருப்பீங்க இல்லையா, எங்க ஆஃபீஸ்ல அதை எஸ்கலேஷன் ஹேண்டில் பண்றதுன்னு சொல்லி அதுக்குன்னு தனியா ட்ரெயினிங் கொடுக்குறாங்க. இன்டர்வியூல "கஷ்டமான கிளையண்ட்டை எப்படி சமாளிப்பீங்க"ன்னு கேட்டா இந்தக் கதையைச் சொல்லுங்க, பேர் ஊர் எதுவும் இல்லாம.

பொய் விஷயத்துக்கு வர்றேன். உங்க பயம் நியாயமானது, பொய் சொல்லி விக்குற ஆளுங்க இருக்காங்க, அதை மறைக்கல. ஆனா நீங்க அப்ளை பண்ற வேலை ஏன் உருவாச்சுன்னு தெரிஞ்சா பயம் குறையும். முன்னாடி எல்லாம் பெரிய சாஃப்ட்வேரை மொத்தமா ஒரே தடவை காசு வாங்கி வித்தாங்க, வித்ததுக்கு அப்புறம் கிளையண்ட் உபயோகிச்சாலும் சரி தூக்கிப் போட்டாலும் சரி, பணம் கைக்கு வந்தாச்சு. 1999ல ஆரம்பிச்ச சேல்ஸ்ஃபோர்ஸ் மாதிரி கம்பெனிங்க வந்த அப்புறம் மாசா மாசம், வருஷா வருஷம் சந்தா கட்டி உபயோகிக்குற முறை பரவுச்சு. சந்தான்னு வந்துட்டா அந்த சந்தா காலம் முடிஞ்சதும் கிளையண்ட் நிறுத்திக்கலாம். நீங்க கணக்கு டீச்சர், நீங்களே போட்டுப் பாருங்க. 100 கிளையண்ட் இருக்காங்க, மாசத்துக்கு வெறும் 2 சதவீதம் பேர் விலகுறாங்கன்னு வச்சுக்கோங்க, கேக்க சின்னதா இருக்கும், ஆனா 0.98 ஐ பன்னெண்டு தடவை பெருக்குனா வருஷக் கடைசில 78 பேர்தான் மிச்சம். இந்த விலகலுக்குத்தான் "சர்ன்" (churn)னு பேர். இதைத் தடுக்கத்தான் கஸ்டமர் சக்சஸ்ங்கிற வேலையே வந்துச்சு. பொய் சொல்லி உள்ள கொண்டு வந்த கிளையண்ட் ரெனியூவல், அதாவது சந்தாவைப் புதுப்பிக்குற சமயத்துல கண்டிப்பா போயிடுவாரு, போகும்போது நாலு பேர்கிட்ட சொல்லிட்டும் போவாரு. அதனால இந்தப் பக்கம் "இது உங்களுக்கு செட் ஆகாது"ன்னு நேர்மையா சொல்ற ஆளுக்குத்தான் மதிப்பு. ஒரு பிள்ளைக்கு எது வராதுன்னு பெத்தவங்ககிட்ட மெதுவா, மனசு நோகாம எடுத்துச் சொல்லத் தெரிஞ்ச உங்களுக்கு இது புதுசு இல்ல. இன்டர்வியூல நீங்களே கேளுங்க, "விக்குறவங்க ஒண்ணு சொல்லி, ப்ராடக்ட்ல அது இல்லைன்னா இங்க என்ன நடக்கும்?" அவங்க பதில் சொல்ற விதத்துலயே அந்தக் கம்பெனி எப்படின்னு தெரிஞ்சிடும்.

எந்த வேலைன்னு பொத்தாம் பொதுவா அப்ளை பண்ணாதீங்க, நீங்க எழுதுன மூணும் மூணு மாதிரி. ப்ரீசேல்ஸ்ல விக்குறதுக்கு முன்னாடி டெமோ, கிளையண்ட் கேக்குற டெக்னிக்கல் சந்தேகம், ப்ரொபோசல், இதெல்லாம் வரும், ப்ராடக்ட் அறிவு நிறைய வேணும். அக்கவுண்ட் மேனேஜருக்கு இருக்குற கிளையண்ட்டைத் தக்க வச்சு பிசினஸை பெருசாக்கணும், தலைக்கு மேல டார்கெட் இருக்கும். கஸ்டமர் சக்சஸ்ல உபயோகிக்க வைக்குறது, பலன் கிடைக்க வைக்குறது. உங்க லிஸ்ட்ல இல்லாத ஒண்ணை நான் சேக்குறேன், ஆன்போர்டிங் இல்ல இம்ப்ளிமென்டேஷன்னு போடுவாங்க, புதுசா வாங்குன கிளையண்ட்டுக்கு முதல் சில மாசம் கூட இருந்து செட் பண்ணிக் கொடுத்து அவங்க ஆளுங்களுக்கு சொல்லிக் கொடுக்குற வேலை. டீச்சருக்கு உள்ள நுழைய இதுதான் அகலமான கதவு, இதுல ஒண்ணு ஒண்ணரை வருஷம் இருந்துட்டா மத்த மூணுல எதுக்கு வேணா நகரலாம். நேரா டார்கெட் சேல்ஸுக்குள்ள குதிக்க வேண்டாம்னுதான் நான் சொல்லுவேன், முடியாதுன்னு இல்ல, சம்பளத்துல ஒரு பெரிய பங்கு வித்தாதான் வரும்ங்கிற மாதிரி வச்சிருப்பாங்க, ஒரு நிலையான சம்பளத்துல இருந்து வர்ற வீட்டுக்கு அது பெரிய அதிர்ச்சி. கஸ்டமர் சக்சஸ், ஆன்போர்டிங்ல அந்த வேரியபிள் பங்கு பொதுவா ரொம்பக் கம்மியா இருக்கும்.

பள்ளிக்கூடங்களுக்கு சாஃப்ட்வேர் விக்குற கம்பெனிங்க உங்களுக்கு இயல்பான முதல் இடம். ஸ்கூல்ல யார் முடிவு எடுப்பாங்க, வருஷத்துல எந்த மாசம் பேசணும், எந்த மாசம் பக்கத்துலயே போகக்கூடாது, டீச்சருங்க எதைப் பாத்து "இன்னொரு தலைவலியா"ன்னு சலிச்சுப்பாங்க, இது எல்லாம் உங்களுக்கு உள்ள இருந்து தெரியும், வெளிய இருக்குறவங்க இதைக் கத்துக்க நாளாகும். ஆனா வேலை விவரத்தை நல்லா படிங்க. பெத்தவங்களுக்கு போன் போட்டு, பிள்ளையோட மார்க்கைக் காட்டி பயமுறுத்தி கோர்ஸ் தலைல கட்டுற வேலையையும் அழகான பேர் வச்சு போடுவாங்க. யாருக்கு விக்குறாங்க, ஸ்கூலுக்கா பெத்தவங்களுக்கா, ஒரு நாளைக்கு எத்தனை கால் பண்ணணும்னு முதல் ரவுண்டுலயே கேட்டுடுங்க. நீங்க பொய் வராதுன்னு எழுதுனதால இதை அழுத்தி சொல்றேன்.

பதிலே வராததுக்குக் காரணம் பெரும்பாலும் ரெஸ்யூமேதான். "எட்டு முதல் பத்தாம் வகுப்பு வரை கணிதம் கற்பித்தல், வகுப்பாசிரியர் பொறுப்பு, தேர்வுப் பணி"ன்னு இருந்தா அதைப் படிக்கிற எச்ஆருக்கு ஒண்ணும் தெரியாது, முதல் பார்வையிலயே ஓரமா வச்சிடுவாங்க. அதையே இப்படி எழுதலாம், "ஒரு வருஷத்துக்கு இத்தனை மாணவர்கள், அவங்க பெற்றோர் இத்தனை பேர், எல்லாருக்கும் நானே நேரடித் தொடர்பு. வருஷ ஆரம்பத்துல ஒவ்வொருத்தரோட நிலையையும் அளந்து, பின்தங்கினவங்களுக்குத் தனித் திட்டம் போட்டு, மாதம் ஒருமுறை பெற்றோருக்கு முன்னேற்ற அறிக்கை கொடுத்தேன். இத்தனை பேர் தோல்வியில இருந்து தேர்ச்சிக்கு வந்தாங்க." எண்ணிக்கைய உங்க ரெக்கார்டைப் பாத்து உண்மையானதைப் போடுங்க, ஒரு எண் கூட்டிப் போட வேண்டாம், இன்டர்வியூல நோண்டிக் கேப்பாங்க. புது ஆன்லைன் அட்டெண்டன்ஸோ மார்க் என்ட்ரியோ வந்தப்போ மத்த டீச்சருங்களுக்கு நீங்கதான் சொல்லிக் கொடுத்தீங்கன்னா, அது ரெஸ்யூமேல மேல வரணும், அது அப்படியே ஆன்போர்டிங் வேலைதான். பிள்ளைங்களோட பேர் இருக்குற எந்தப் பேப்பரையும் சாம்பிள்னு எடுத்துட்டுப் போயிடாதீங்க.

ரிசல்ட்டை எப்படி எழுதுறதுன்னு குழப்பமா இருந்தா, ட்ரெயினிங் உலகத்துல டொனால்ட் கிர்க்பேட்ரிக்னு ஒருத்தர் 1959ல எழுதி வச்ச நாலு படி இருக்கு, அதை மனசுல வச்சுக்கோங்க. கத்துக்கிட்டவங்களுக்குப் பிடிச்சுதா, நிஜமா கத்துக்கிட்டாங்களா, திரும்பிப் போய் வேலை பாக்குற விதம் மாறுச்சா, அதனால நிறுவனத்துக்கு என்ன பலன். டீச்சருங்க ரெஸ்யூமே முதல் ரெண்டு படியோட நின்னுடும். கிளையண்ட் காசு கொடுக்குறது நாலாவது படிக்கு.

வந்து சேந்த அப்புறம் எது உங்களைத் தடுக்கும்னும் சொல்லிடணும், இதுல நான் நேரா பேசுறேன், தப்பா எடுத்துக்காதீங்க. க்ளாஸ்ல ஒரு பிள்ளை தப்பா சொன்னா அந்த இடத்துலயே திருத்துறது உங்க கடமை. கிளையண்ட் ரூம்ல ஒரு மேனேஜர் தன்னோட பாஸ் முன்னாடி ஒரு விஷயத்தைத் தப்பா சொல்லுவாரு, உங்க வாய் துடிக்கும். அங்க அப்படியே திருத்துனீங்கன்னா உண்மை உங்க பக்கம் இருக்கும், அந்த மனுஷன் இருக்க மாட்டாரு. "நீங்க சொன்னதை ஒரு தடவை சரிபாத்துட்டு சாயந்திரத்துக்குள்ள அனுப்புறேன் சார்"னு சொல்லிட்டு, அப்புறமா அவருக்கு மட்டும் தனியா போன் போட்டு விஷயத்தைச் சொல்லணும். அவர் திருத்திக்கிட்டு அவரே பாஸ்கிட்ட சொல்லட்டும். காசு சம்பந்தப்பட்ட தப்பு, யாருக்காவது நஷ்டம் வர்ற தப்புன்னா மட்டும் அங்கேயே மரியாதையா நிறுத்திச் சொல்லிடணும்.

அதைவிடக் கஷ்டமானது ஒண்ணு இருக்கு. இத்தனை வருஷமா மார்க் போடுற இடத்துல இருந்தீங்க, இனி மார்க் வாங்குற இடம். ரூம்ல நீங்க சொல்றதை யாரும் கேட்டே ஆகணும்னு இல்ல, பாதில எந்திரிச்சுப் போவாங்க, போன் பாப்பாங்க, மெயிலுக்கு பதில் போட மாட்டாங்க, மூணு தடவை ஃபாலோ-அப் பண்ண அப்புறம் "அடுத்த க்வார்ட்டர் பாக்கலாம்"னு ஒரு வரி வரும். டீச்சரா இருந்தவங்களுக்கு இது மரியாதைக் குறைவா தோணி மனசு சுருங்கிடும், நல்ல திறமைசாலிங்க ரெண்டு பேர் இதுனாலயே ஆறே மாசத்துல திரும்பிப் போனதை நான் பாத்திருக்கேன், அது எனக்கு இன்னைக்கும் வருத்தம். அந்த ஆளு உங்களை அவமதிக்கல, அவருக்கு அன்னைக்கு வேற நெருப்பு எரிஞ்சுக்கிட்டிருக்கு. இதை ஏத்துக்க முடியுமான்னு நீங்களே உங்களைக் கேட்டுப் பாத்துக்கோங்க, எம்பிஏ வேணுமாங்கிறதைவிட இது முக்கியமான கேள்வி. "தெரியல, கேட்டுட்டு சொல்றேன்"னு சொல்லவும் பழகணும். டீச்சருக்குத் தெரியலைன்னு சொன்னா க்ளாஸ்ல ஒரு மாதிரி பாப்பாங்க, கிளையண்ட் அப்படிப் பாக்க மாட்டாரு, சொன்ன நேரத்துக்குள்ள பதில் வருதான்னு மட்டும்தான் பாப்பாரு.

பெல் அடிக்காத ஆஃபீஸும் முதல்ல தடுமாற வைக்கும். நாள் முழுக்க உங்க கையில இருக்கும், யாரும் பீரியட் போட்டுத் தரமாட்டாங்க. ஒவ்வொரு மீட்டிங் முடிஞ்சதும் அன்னைக்கே அஞ்சாறு வரில மெயில் போடுற பழக்கத்தை மட்டும் முதல் நாள்ல இருந்து பிடிச்சுக்கோங்க, என்ன பேசுனோம், என்ன முடிவு, யார் எதை எந்தத் தேதிக்குள்ள பண்றோம். பாடக்குறிப்பு எழுதுன கை உங்களோடது, இது அஞ்சு நிமிஷ வேலை. இந்த ஒரு மெயிலை ஒழுங்கா போடுறவங்க ரொம்பக் கம்மி, கிளையண்ட் உங்க பேரை ஞாபகம் வச்சுக்குறது இதுனாலதான்.

எம்பிஏ இப்போ வேண்டாம். உள்ள போய் ரெண்டு வருஷம் வேலை பாத்துட்டு அப்புறமும் தேவைன்னு தோணுனா படிங்க, அப்போ எதுக்குப் படிக்கிறோம்னு தெரிஞ்சு படிப்பீங்க. இப்போதைக்கு சேல்ஸ்ஃபோர்ஸோட ட்ரெயில்ஹெட், ஹப்ஸ்பாட்டுங்கிற கம்பெனியோட அகாடமின்னு ரெண்டு ஆன்லைன் பயிற்சித் தளம் இருக்கு, ரெண்டுலயும் ஃப்ரீயாவே நிறைய பாடம் இருக்கு, சிஆர்எம் (கிளையண்ட் விவரம் வைக்குற சாஃப்ட்வேர்)னா என்ன, பைப்லைன் (பேச்சுல இருக்குற வியாபாரங்களோட வரிசை)னா என்ன, ஒரு கிளையண்ட்டோட விவரத்தை எப்படிப் பதிவு பண்றாங்கன்னு கைவச்சுப் பழகிக்கோங்க. ஸ்ப்ரெட்ஷீட்ல பிவட் டேபிள் (நிறைய டேட்டாவை வகை பிரிச்சு சுருக்கிக் காட்டுற அட்டவணை) போடத் தெரிஞ்சா போதும், கணக்கு டீச்சருக்கு அது ஒரு வார வேலை.

வயசைப் பத்தி ரொம்ப யோசிக்காதீங்க. உங்க மேனேஜர் 29 வயசுப் பொண்ணா இருக்கலாம், அந்தப் பொண்ணுக்கு சாஃப்ட்வேர் உலகம் தெரியும், உங்களுக்கு மனுஷங்களைத் தெரியும், முதல் வருஷம் அவங்ககிட்ட கத்துக்கப் போறீங்க. வீட்ல சொல்றவங்களுக்கு இது மானப் பிரச்னையா தெரியுது, வேலை பாக்கப் போற உங்களுக்கு அப்படித் தெரியலைன்னா போதும். கிளையண்ட் பக்கம் உக்காந்திருக்குறவங்க பெரும்பாலும் உங்க வயசுல, உங்களைவிடப் பெரியவங்களா இருப்பாங்க, அங்க உங்க நிதானத்துக்கு ஒரு எடை இருக்கும்.

"ஏன் டீச்சிங்கை விடுறீங்க"ன்னு எல்லா இடத்துலயும் கேப்பாங்க. சம்பளம் நின்னுபோச்சுங்கிறது உண்மைதான், அதை மறைக்க வேண்டாம், ஆனா அதுல ஆரம்பிக்காதீங்க, பள்ளிக்கூடத்தையும் பிரின்சிபாலையும் குறை சொல்லி ஒரு வார்த்தையும் வேண்டாம். பெரியவங்களோட பிரச்னையைக் கேட்டு அதுக்கு வழி கண்டுபிடிக்கிறதுல எனக்கு ஈடுபாடு, பெற்றோரோட பேசுறதுல அதைத்தான் ரொம்ப வருஷமா பண்ணிட்டிருக்கேன், இப்போ அதையே முழு நேர வேலையா பண்ணணும்னு இருக்கு, வளரவும் வருமானத்தைக் கூட்டவும் வழி வேணும்னு சொல்லுங்க. இது உங்க உண்மைதானே. அந்த 11 வருஷம் வீணாச்சோன்னு கேட்டீங்க. இந்த லெட்டர் முழுக்க நான் உங்களுக்கு சொன்ன ஒவ்வொண்ணுக்கும் உதாரணம் உங்க க்ளாஸ் ரூம்ல இருந்துதான் எடுத்தேன் டீச்சர், என் ஆஃபீஸ்ல இருந்து எடுக்க வேண்டிய தேவையே வரல. நல்லா தூங்குங்க.

கடைசியா வேலையை விடுற விஷயம். ஆஃபர் லெட்டர் கைக்கு வர்ற வரைக்கும் ராஜினாமா பண்ணாதீங்க, வாய்வார்த்தைல "கன்ஃபர்ம்தான்"னு சொன்னாலும் வேண்டாம். உங்க பள்ளிக்கூடத்து நோட்டீஸ் பீரியட் எவ்வளவுன்னு அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்துப் பாத்துட்டு, கம்பெனிகிட்ட முதல்லயே சொல்லிடுங்க. பத்தாம் வகுப்புப் பிள்ளைங்களை பரீட்சைக்கு முன்னாடி பாதில விட உங்களுக்கு மனசு வராதுன்னு எனக்குத் தெரியும், அதனால கல்வியாண்டு முடியுறதுக்கு நாலஞ்சு மாசம் முன்னாடியே தேட ஆரம்பிங்க, சேர்ற தேதியை ஆண்டு முடிவை ஒட்டி வைக்க முடியுமான்னு கேளுங்க, காரணத்தை உள்ளபடி சொல்லுங்க, எடுத்த பொறுப்பை முடிச்சுட்டு வர்றேன்னு சொல்ற ஆளுக்காக நான் காத்திருந்திருக்கேன். சம்பளம் பேசும்போது மொத்தத் தொகையைப் பாக்காம நிலையா வர்றது எவ்வளவு, வேரியபிள் எவ்வளவு, அது எதை வச்சு கணக்குப் பண்றாங்க, போன வருஷம் டீம்ல எத்தனை பேருக்கு முழுசா கிடைச்சுதுன்னு கேளுங்க. முதல் வருஷம் வீட்டு பட்ஜெட்டை நிலையா வர்ற தொகைல மட்டும் போடுங்க, கூடவே ஆறு மாச வீட்டுச் செலவுக்கான பணத்தைத் தனியா ஒதுக்கி வச்சுட்டு அப்புறம் கையெழுத்து போடுங்க.